இரண்டு மனத்தோடு ஏஐயைப் பாவிப்பது எப்படி

அறிவியல் நகரில் பொறியியல் பீடத்திலோ பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ படித்து முடித்து, மென்பொருள் வேலையில் முதலாம் இரண்டாம் வருடத்தில் நிற்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். அவர்களுக்குப் பொறுப்பாக இருக்கிற என்னைப் போன்றவர்களும் வாசிக்க வேண்டும். நான் கிளிநொச்சியில் ஒரு சின்ன ரீமை நடத்துகிறேன். பாதி வேலை வெளிநாட்டுக் கிளையன்டுக்கு. மீதி இங்கத்தைய சங்கங்களுக்கு: அங்கத்தவர் பதிவு, கடன் கணக்கு, நெல் கொள்வனவு.

ஏஐ பற்றிக் கதை எடுத்தால் ஒரே ஆளிடமிருந்தே இரண்டு கதை வரும். "அக்கா, இது இல்லாட்டி இனி ஏலாது" என்று காலையில் சொல்கிற தம்பி, பின்னேரத் தேத்தண்ணிக்கு வந்து "இன்னும் ரெண்டு வருசத்தில என்னை ஏன் வைச்சிருக்கப் போறீங்கள்?" என்று கேட்பான். அவன் சொல்கிற இரண்டும் உண்மை. உலகம் முழுக்க இதே நிலைதான். மென்பொருள்காரர் கேள்வி பதில் போடுகிற ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 2025இல் நடத்திய கணக்கெடுப்பில் 84 சதவீதம் பேர் ஏஐ கருவிகளைப் பாவிக்கிறோம் அல்லது பாவிக்கப் போகிறோம் என்றார்கள். அதே கணக்கெடுப்பில் அது தருகிற விடையை நம்பவில்லை என்றவர்கள் 46 சதவீதம், நம்புகிறோம் என்றவர்கள் 33 சதவீதம்.

ஆகவே ஒரு பக்கம் சாயச் சொல்லி யார் நெருக்கினாலும் சாய வேண்டாம். அந்த இரண்டு மனத்தையும் வைத்துக்கொண்டே வேலையைப் பிரிக்கலாம். நாங்கள் எப்படிப் பிரிக்கிறோம் என்று சொல்கிறேன்.

கொப்பியில் எழுதுங்கள்

ஒரு கிழமைக்கு ஒரு கொப்பி வையுங்கள். ஏஐயிடம் எதைக் கொடுத்தாலும் ஒரு வரி: என்ன கொடுத்தேன், விடை வந்தபோது என்ன தோன்றியது. ஆறுதல், அலுப்பு, பயம், வெட்கம், சந்தோசம், எந்தச் சொல் வந்தாலும் அதையே எழுதுங்கள். கிழமை முடிவில், எந்தச் சொல் எந்த வேலையோடு திரும்பத் திரும்ப வருகிறது என்று பாருங்கள்.

எங்கள் ரீமில் ஆறுதல் வந்த இடங்கள் ஏறக்குறைய எல்லாருக்கும் ஒன்றுதான். பரிசோதனைக்குப் போலித் தரவு உருவாக்குவது, பழைய பிஎச்பி படிவங்களைப் புதிய அமைப்புக்கு மாற்றுவது, கிளையன்டுக்குப் போகும் ஆங்கில மின்னஞ்சலைத் திருத்துவது. கடைசியாகச் சொன்னதை நான் சின்ன விசயமாக எடுக்கவில்லை. தமிழ் மொழிமூலம் படித்து வந்த ஒரு பிள்ளை, கோட் அருமையாக எழுதுவாள், மீற்றிங்கில் வாய் திறக்க மாட்டாள். இப்போது வடிவமைப்புக் குறிப்பை அவளே எழுதி அனுப்புகிறாள், கேள்வி வந்தால் அவளே பதில் போடுகிறாள். ஏஐயே வேண்டாம் என்று யாராவது சொன்னால் எனக்கு முதலில் அவளுடைய முகம்தான் வரும்.

வெட்கம் வந்த இடம் வேறு. "அக்கா, இது வேலை செய்யுது. ஆனா ஏன் வேலை செய்யுது எண்டு எனக்கு விளங்கேல்லை." இதைச் சொல்ல ஒரு பிள்ளைக்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த வெட்கம் நல்லது, அதை அடக்காதீர்கள். அது எந்த வேலையில் வருகிறதோ அந்த வேலையை விளங்கும்வரை உங்கள் கையிலேயே வைத்திருங்கள். அலுப்பு வருகிற வேலையைத் தயங்காமல் கொடுங்கள். பயம் என்று எழுதிய வரிகளைப் பொறுப்பாளரிடம் கொண்டுபோங்கள். வேலை இருக்குமா என்ற கேள்விக்கு விடை உங்கள் திறமையில் மட்டும் இல்லை, கொம்பனி எடுக்கிற முடிவிலும் இருக்கிறது. அதை எடுக்கிறவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

சந்தோசம் என்று எழுதிய வேலையை என்ன செய்வது? மூத்தவர்கள் பலருக்கு வழு தேடுவதுதான் இந்தத் தொழிலின் ருசி. அதைக் கொடுத்துவிட்டு, அது எழுதியதைச் சரிபார்க்கிற வேலையை மட்டும் நாள் முழுக்கச் செய்தால் மனுசர் காய்ந்து போவார்கள். அந்தச் சந்தோசத்தில் ஒரு பங்கையாவது வைத்துக்கொள்ளுங்கள், நேரம் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. வேலையில் ருசி போன ஒருவர் மற்றவரின் கோட்டைக் கவனமாக வாசிக்க மாட்டார்.

வேகத்தை மணிக்கூட்டில் பாருங்கள்

"கெதியா முடிஞ்சுது" என்பது ஒரு உணர்வு. மெற்றர் என்ற ஆய்வு அமைப்பு 2025 யூலையில் ஒரு பரிசோதனை முடிவை வெளியிட்டது. அனுபவமுள்ள 16 பேர், தாங்கள் நீண்டகாலம் வேலை செய்த திறமூலத் திட்டங்களில் 246 பணிகள். ஏஐயால் 24 சதவீதம் நேரம் மிச்சமாகும் என்று தொடக்கத்தில் எதிர்பார்த்தார்கள். முடிந்த பிறகும் 20 சதவீதம் மிச்சமானதாகவே நம்பினார்கள். அளந்து பார்த்தபோது 19 சதவீதம் கூடுதல் நேரம் எடுத்திருந்தது. அது அந்த நேரத்துக் கருவிகள், தங்கள் கோட்டைக் கரைத்துக் குடித்தவர்கள். உங்களுக்கும் அப்படியேதான் வரும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் செய்து முடித்தவருக்கே தன் வேகம் தெரியவில்லை என்பதை மனதில் வையுங்கள்.

பணியைத் தொடங்கிய நேரத்தையும், ரிவியூ, அதாவது கோட்டை இன்னொருவர் வாசித்துப் பார்ப்பது, முடிந்து அதைத் திட்டத்தில் சேர்த்த நேரத்தையும் குறியுங்கள். அதே பணி வழுவோடு திரும்பி வந்தால் அந்த நேரத்தையும் அதிலேயே கூட்டுங்கள். அவ்வளவு போதும்.

எங்கள் மண்ணின் விசயத்தை முதலில் நீங்கள் எழுதுங்கள்

இதைத்தான் நான் ரீமில் கூடுதலாக வலியுறுத்துகிறேன். ஏஐ படித்த கோட்டில் பெரும்பங்கு வேறு நாட்டுச் சனத்துக்காக எழுதப்பட்டது. எங்கள் சனத்தின் விதிகளை அது சில வேளை சரியாகச் சொல்லும், சில வேளை தானாக ஒன்றை வைத்துக்கொள்ளும். இரண்டையும் ஒரே உறுதியோடு சொல்லும் என்பதுதான் சிக்கல்.

அடையாள அட்டை இலக்கத்தை எடுங்கள். பழைய இலக்கத்தில் ஒன்பது எண்ணும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும் இருக்கும். முதல் இரண்டு எண் பிறந்த வருடம், அடுத்த மூன்று எண் வருடத்தில் எத்தனையாவது நாள். பெண்களுக்கு அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். புதிய இலக்கத்தில் 12 எண், வருடம் முழுதாக நான்கு எண்ணில். இவ்வளவும் பொதுவாக ஏஐக்குத் தெரியும். தவறுகிற இடம் இதற்குப் பிறகு. எங்கள் அடையாள அட்டையில் எந்த வருடமானாலும் பெப்ரவரிக்கு 29 நாள் என்றே கணக்கு. ஆகவே மார்ச் 1 எப்போதும் 61ஆம் நாள். 1990 மார்ச் 1இல் பிறந்தவரின் அட்டையில் 061 என்று இருக்கும். 1990 நெட்டாண்டு இல்லை. பைதனிலோ ஜாவாஸ்கிரிப்ரிலோ வழமையான முறையில் 1990இன் 61ஆம் நாளைக் கேட்டால் மார்ச் 2 என்று வரும்.

நெட்டாண்டு அல்லாத வருடங்களில் மார்ச்சிலிருந்து டிசம்பர் வரை பிறந்த எல்லாருக்கும் இப்படி ஒரு நாள் தள்ளிப் போகும். பரிசோதனைத் தரவையும் ஏஐயே எழுதி, அதில் 1988, 1992, 1996 என்று வருடங்களோ தை மாதப் பிறந்த நாள்களோ விழுந்திருந்தால் எல்லாம் சரி என்று பச்சையாகக் காட்டும். கோட்டும் அதுவே, பரிசோதனையும் அதுவே என்றால், ஒரே தவறு இரண்டு இடத்திலும் ஒளிந்து நிற்கும். அதனால் எங்கள் ரீமில் ஒரு விதி: கோட்டை ஏஐ எழுதினால் பரிசோதனைக்கான உதாரணங்களை ஆள் எழுத வேண்டும், காகிதத்தில், கையால் கணக்குப் பார்த்து.

ஒரு நாள் வித்தியாசம்தானே என்று வன்னியில் யாரும் சொல்லக் கூடாது. இடம்பெயர்வில் பிறப்புப் பத்திரமும் காணி உறுதியும் தொலைத்து, பிறகு ஒவ்வொன்றாக எடுத்த சனம் இது. ஒரு ஆவணத்தில் ஒரு திகதி, இன்னொன்றில் வேறு திகதி என்றால், ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு அம்மா பஸ் ஏறி முல்லைத்தீவுக் கச்சேரிக்குப் போய் நிற்க வேண்டும். அவவின் ஒரு நாள் கூலி அதோடு போகும். அவவை அங்கே அனுப்பியது எங்கள் கோட்டாக இருக்கக் கூடாது.

பெயர்களும் அப்படித்தான். முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு பெட்டி போட்ட படிவத்தை அது கேளாமலே தந்துவிடும். எங்களுக்குத் தகப்பன் பெயரின் முதலெழுத்து முன்னால் நிற்கும். கலியாணம் முடித்த பெண்ணுக்கு அந்த எழுத்து பலவேளை கணவன் பெயருக்கு மாறும். பெயரை அப்படியே ஒப்பிட்டால் ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். ஒரு பெட்டி, முழுப்பெயர், முதலெழுத்துக்குத் தனி இடம், இதை நீங்கள் முதலே சொல்லிக் கொடுங்கள்.

எழுத்தைப் பற்றி இரண்டு விசயம். கிளிநொச்சி என்ற சொல்லில் எங்களுக்கு ஐந்து எழுத்து, யுனிகோட் கணக்கில் அது பத்து. எழுத்து எல்லை வைத்த பெட்டியில் நீளமான பெயர் நடுவில் வெட்டுப்படுவது இதனால்தான். அடுத்தது, நொ என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் தட்டலாம், கொம்பும் காலுமாக இரண்டாகவும் தட்டலாம். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், தேடினால் கிடைக்காது. சேமிக்கும்போதே இரண்டையும் ஒரே வடிவமாக்குகிற யுனிகோட் இயல்பாக்கத்தைச் செய்யச் சொல்லுங்கள். பழைய சங்கக் கோப்புகள் யுனிகோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் இருந்தால் அவற்றை ஏஐயிடம் கொடுத்து மாற்றாதீர்கள். எழுத்துக்கு எழுத்து மாற்றுகிற மாற்றி இருக்கிறது, அது பெயரை ஊகிக்காது. ஏஐ தெரியாத இடத்தில் நல்ல பெயர் ஒன்றை வைத்துவிடும், வாசிக்கிறவருக்குச் சந்தேகமே வராது.

நெல் மூடைக்கு எத்தனை கிலோ என்பதையும் அது தானாக ஒரு எண்ணாக வைத்துக்கொள்ளும். அதைக் கொள்வனவு நிலையத்தில் தராசுக்குப் பக்கத்தில் நிற்கிற ஆளிடம் கேளுங்கள்.

சனத்தின் தரவை ஒட்டாதீர்கள்

2023இல் சாம்சங் ஊழியர்கள் தங்கள் கொம்பனிக் கோட்டைச் சாட்ஜிபிடியில் ஒட்டியது தெரியவந்து, அந்தக் கொம்பனி அத்தகைய கருவிகளைத் தடைசெய்தது. எங்கள் நாட்டில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. எங்கள் கைக்கு வருகிற பட்டியல்களில் பெண் தலைமைத்துவக் குடும்பங்கள் இருக்கும், காயப்பட்டவர்கள் இருப்பார்கள், காணாமல் ஆக்கப்பட்டவரின் வீட்டு முகவரி இருக்கும். ஒரு பட்டியலில் பெயர் இருப்பது என்றால் என்ன என்று இங்கே ஒருவருக்கும் விளக்கத் தேவையில்லை. வழு திருத்த உதவி வேண்டுமென்றால் தரவு அட்டவணையின் பத்திகளின் பெயரையும் போலி வரிகளையும் மட்டும் கொடுங்கள். உண்மையான வரி ஒன்றுகூட வேண்டாம்.

இதோடு சேர்த்து, இயங்கிக்கொண்டிருக்கிற தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை, தானே கட்டளைகளை இயக்கி வேலை செய்கிற ஏஐ முகவரிடம் கொடுக்காதீர்கள். 2025 யூலையில் கோட் எழுதும் தளமான ரெப்லிற்றின் முகவர் ஒன்று, எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும், நேரடிப் பாவனையில் இருந்த தரவுத்தளத்தை அழித்தது. ஏஐ சொல்கிற நிரலகங்களையும், அதாவது மற்றவர்கள் எழுதி இணையத்தில் வைத்த கோட் தொகுப்புகளையும், தேடிப் பார்த்த பிறகே நிறுவுங்கள். இல்லாத பெயர்களை அது சொல்வதுண்டு, அந்தப் பெயரிலேயே கெட்ட கோட்டை ஏற்றி வைத்துக் காத்திருக்கிறவர்களும் உண்டு.

புதிய பிள்ளைகளின் வேலையைத் தொடாதீர்கள்

இந்தப் பகுதி பொறுப்பாளர்களுக்கு.

2025இல் ஸ்டான்போர்ட் ஆய்வாளர்கள் அமெரிக்கச் சம்பளப் பதிவுகளை வைத்து ஒரு கணக்குச் சொன்னார்கள். ஏஐ கூடுதலாகத் தொடுகிற தொழில்களில் 22 முதல் 25 வயதானவர்களின் வேலைவாய்ப்பு, மற்றவர்களோடு ஒப்பிட 13 சதவீதம் குறைந்திருந்தது. அதே தொழில்களில் வயது கூடியவர்களுக்கு அப்படி ஆகவில்லை. அமெரிக்கா வேறு, நாங்கள் வேறு. ஆனால் எனக்கு அந்த 22 வயது யார் என்று தெரியும். தருமபுரத்திலிருந்தும் முள்ளியவளையிலிருந்தும் வருகிற பிள்ளை. வீட்டில் முதல் பட்டதாரி. கொழும்பில் அறை எடுத்துத் தங்க வசதி இல்லாததால் இங்கேயே வேலை தேடினவள். அவளுக்கு நாங்கள் கொடுக்கிற முதல் வேலை ஒரு படிவம், ஒரு சின்ன வழு, ஒரு அறிக்கைப் பக்கம். அத்தனையையும் இன்று ஏஐ செய்யும். அதனால் அவற்றை எல்லாம் அதற்கே கொடுத்துவிடுவது விதைநெல்லைக் குத்திச் சாப்பிடுகிற வேலை. அடுத்த போகத்துக்கு மூத்தவர் எங்கிருந்து வருவார்?

ஆகவே ஒவ்வொரு திட்டத்திலும் சில பணிகளைப் புதியவர்களுக்கென்று ஒதுக்கி, அப்படியென்று எழுதியும் வையுங்கள். அந்தப் பணிகளில் ஒழுங்கு இது: முதலில் தானே முயல வேண்டும், குறைந்தது அரை மணித்தியாலம். பிறகு ஏஐயைக் கேட்கலாம், ஆனால் "எழுதித் தா" என்று கேட்பதற்கு முதல் "என்ரை கோட்டில் எந்த இடத்தில் எனக்கு விளக்கம் குறைவு?" என்று கேட்க வேண்டும். ரிவியூவுக்கு வரும்போது பக்கத்தில் இருந்து, எந்த வரியைத் தொட்டாலும் ஏன் என்று சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் சேர்க்கக் கூடாது. இதை நீங்கள் பொலிஸ் விசாரணை மாதிரி நடத்தினால் பிள்ளைகள் ஏஐ பாவித்ததை மறைப்பார்கள். உங்கள் வரிக்கும் அவர்கள் ஏன் என்று கேட்கட்டும், மூத்தவர் முதலில் பதில் சொல்லிக் காட்டட்டும்.

ஏஐயை யார் எவ்வளவு பாவித்தார் என்று எண்ணிக்கை எடுத்துப் பலகையில் போடாதீர்கள். கூடப் பாவித்தவர் கெட்டிக்காரர் என்றோ பாவிக்காதவர் பின்தங்கியவர் என்றோ ஒரு பேச்சு எழுந்தால் இரண்டு மனமும் வாய்மூடிப் போகும், பிறகு உங்களுக்கு ஒன்றும் தெரிய வராது.

இணைப்பு இல்லாத நேரத்துக்கும் வேலை பிரித்து வையுங்கள். 2022இல் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் வெட்டினார்கள். மாரி மழையிலும் இங்கே இணைப்பு விழும். மொழியின் கையேட்டையும் திட்டத்தின் குறிப்பையும் ஒவ்வொருவரின் கணினியிலும் இறக்கி வைத்தால், அந்த நேரம் பிள்ளைகள் தாங்களே யோசித்து எழுதுகிற நேரமாகிவிடும். என் ரீமில் ஆழமான கேள்விகள் பல அப்படியான பின்னேரங்களில்தான் வந்திருக்கின்றன.

கிளையன்டிடம் என்ன சொல்வது

"உங்களிடம் ஏஐ இருக்கிறது, அப்படியென்றால் விலையைக் குறையுங்கள்." இது எல்லாருக்கும் வரும். கோபப்படாமல், எழுத்தில் பதில் கொடுங்கள். எந்தப் பகுதிகளுக்கு ஏஐ பாவிக்கிறோம், எவற்றுக்குப் பாவிப்பதில்லை, உங்கள் தரவை எதற்குள்ளும் ஒட்டுவதில்லை, சேர்க்கிற ஒவ்வொரு மாற்றத்தையும் வாசித்துப் பொறுப்பேற்கிற ஆளின் பெயர் இது, என்று நான்கு வரி. மணிக்கூட்டில் குறித்த கணக்கு இருந்தால் உண்மையாக நேரம் மிச்சமான இடத்தில் விலையைக் குறைத்துக் கொடுங்கள், அதில் தவறில்லை. மிச்சமாகாத இடத்தில் அந்தக் கணக்கையே காட்டுங்கள்.

விலைப்பட்டியலில் ரிவியூ நேரத்தைத் தனி வரியாகப் போடுங்கள். புதிய பிள்ளையோடு ஒரு மூத்தவர் பக்கத்தில் இருந்து கோட் வாசிக்கிற நேரமும் அந்த வரிக்குள் வர வேண்டும். முதல் விலைமனுவிலேயே அதைச் சேர்த்து அனுப்புங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது.